பரங்கிக்கொடிக்கு ஒரு வருகைப் பதிவேடு

காலை ஆறரைக்கு மொட்டை மாடிக் கதவைத் திறக்கும்போதே அவருக்கு முகம் கடுத்துவிடும். முப்பத்து நான்கு வருடம் ஒரு நூற்பாலையின் வாசலில் உட்கார்ந்து, யார் எத்தனை நிமிடம் தாமதமாக வந்தார்கள் என்று எழுதிய முகம் அது. வேறு மாதிரி இருந்து அதற்குப் பழக்கமில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் தெருவில் அவருக்கு டைம்கீப்பர் என்றுதான் பெயர். ஆலையில் வழியனுப்பியபோது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது நாளுக்கு நான்கு நிமிடம் பின்தங்கியது. வேண்டுமென்றே செய்த அவமரியாதை என்று அவர் முடிவுகட்டி, அதைக் கூடத்தில் மாட்டி, தினமும் சாயங்காலம் ஸ்டூல் மேல் ஏறித் திருத்திக்கொண்டிருந்தார். ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது மைத்துனனின் வேலை. அதையும் அவன் ஒற்றைக் கையால்தான் பிடிப்பான்.

மைத்துனனுக்கு அப்புறம் வருவோம். முதலில் மாடி.

அந்த ஊர்க் காற்றைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். துவைத்த துணி மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் காயும். மாடிப்படியில் பாசி, சுவரில் பாசி, போன மழையில் துடைப்பத்தில்கூடக் காளான் முளைத்தது. டைம்கீப்பர் நட்டது மட்டும் தேறவில்லை. இருபத்தேழு சாடிகள் வைத்திருந்தார். தக்காளி பழுப்பதற்கு முன்பே அழுகியது. மிளகாய் இலையைச் சுருட்டிக்கொண்டு படுத்தது. கீரையை நத்தைகள் தின்றன. நத்தைகளைத் தின்ன ஆள் இல்லாததால் அவை குடும்பம் குடும்பமாக வந்து தங்கின. வெண்டைச் செடியில் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி. அவர் அதைப் பூ என்று நினைத்து இரண்டு நாள் சந்தோஷப்பட்டார். அந்த இரண்டு நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது.

இத்தனைக்கும் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒவ்வொரு சாடிக்கும் எண் உண்டு. எண்ணுக்கு ஒரு பக்கம் வீதம் நீள நோட்டு ஒன்று போட்டு, முளைத்தது, முளைக்காதது, வாடியது, காரணம் சொல்லாமல் செத்தது என்று எழுதிவந்தார். ஆலையில் எண்ணூறு பேரைக் கண்ணாலேயே நிமிர்த்திவைத்த மனிதர் முன்னால் ஒரு கத்தரிச்செடி தலை தொங்கி நிற்கிறதென்றால், அந்தத் திமிரை என்னவென்று சொல்வது?

இனி மைத்துனன். மனைவியின் தம்பி. வயது நாற்பத்திரண்டு. பேக்கரி, கூரியர், போன் கடை என்று எந்த வேலையிலும் மூன்று மாதம் தாண்டாதவன். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் அக்கா" என்று வந்தான். அது எட்டு மாதத்துக்கு முன்னால். பத்து மணிக்கு எழுந்திருப்பான். எழுந்து, இன்னும் கொஞ்சம் தூங்கியிருக்கலாமோ என்ற முகத்தோடு டீ குடிப்பான். டைம்கீப்பர் தன் உத்தியோகக் காலத்தில் எத்தனையோ சோம்பேறிகளைப் பார்த்திருக்கிறார். ஆனால் அவர்களெல்லாம் கேட்டைத் தாண்டி உள்ளே வந்த பிறகு சோம்பியவர்கள். இவன் கேட்டுக்கே வராதவன்.

"மாப்ளே, எழுந்தாச்சா? இல்லை, இப்ப பாக்கிறது கனவுலயா?" என்பார்.

"கனவுன்னா இவ்வளவு சத்தம் இருக்காது அத்தான்" என்பான் அவன், சாந்தமாக.

ஒருநாள் டீ நேரத்தில் பேச்சு தடித்துவிட்டது. "தண்டச்சோறு" என்ற வார்த்தையை அவர் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டார். மனைவி டம்ளரை வைத்த வைப்பில் மேஜை பதறியது.

"உங்க தோட்டமும் என் தம்பியும் ஒண்ணுதாங்க. ரெண்டுக்கும் தினம் ஊத்தறோம், ரெண்டுலயும் ஒண்ணும் விளையலை. அதுக்காக உங்க சாடியை எல்லாம் நான் தெருவுல வீசினேனா?"

"எதை எதோட ஒப்பிடறே? என் பரங்கிக்கொடி மொட்டு விட்டிருக்கு. உன் தம்பி விட்டானா?"

"அப்படியா? சரி. இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள்ள உங்க கொடியில ஒரே ஒரு காய், என் கையளவு, காய்க்கட்டும். இவனை நானே பெட்டி கட்டி பஸ் ஏத்திவிடறேன். காய்க்கலைன்னா இவன் இங்கதான் இருப்பான். அதுக்கப்புறம் இவனைப் பத்தி நீங்க வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை கூடாது."

"எழுதிக் குடு" என்றார் டைம்கீப்பர்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். மைத்துனன் இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டு, வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து டைம்கீப்பருக்கு இளமை திரும்பியது. ஆறரை என்றால் ஆறரை. ஆறு இருபத்தொன்பதுக்கு வருகிறவனும் ஒழுங்கில்லாதவனே என்பது அவர் கொள்கை. கொடி அவர் கட்டிய மூங்கில் பந்தலில் ஏறி, மாடியில் பாதியைப் பிடித்துக்கொண்டு, மீதியைத் தண்ணீர் டேங்க் பக்கம் அனுப்பியிருந்தது. மஞ்சள் மஞ்சளாகப் பூ, உள்ளங்கை அகலத்துக்கு. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேற்பார்வையில் இறங்கினார். ஒரு வாரத்தில் ஒரு மோசடியைக் கண்டுபிடித்தார்.

பூக்களில் இரண்டு வகை. சில பூவுக்கு அடியில் கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு இருந்தது. வேலைக்காரப் பூ. பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. வெறும் காம்பு. நீளமாக, வழவழவென்று, பிஞ்சும் இல்லை, பொறுப்பும் இல்லை. ஆனால் மலர்ச்சி மட்டும் அவைதான் முதலில், அவைதான் அதிகம். அவருக்கு உடனே வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவன் நினைவுக்கு வந்தான்.

"தண்ணியும் உரமும் நான் போடறேன். தின்னுட்டு நிக்கிறது இதுங்க" என்று சொல்லிக்கொண்டே அத்தனை வெறும் பூவையும் கிள்ளி வாளியில் போட்டார். மறுநாளும் கிள்ளினார். தினமும் கிள்ளினார். மொட்டில் இருப்பதைக்கூட விடவில்லை. நோட்டில் புதிதாக ஒரு பத்தி: 'நீக்கப்பட்டவை'. அந்தப் பத்தி நாளுக்கு நாள் கம்பீரமாக வளர்ந்தது.

அடுத்தது தேனீக்கள். வேலையும் இல்லாமல், ஒரு இடத்தில் நிற்கவும் நிற்காமல், இந்தப் பூவில் ஒரு நிமிடம், அந்தப் பூவில் அரை நிமிடம், நடுவில் சும்மா ஒரு சுற்று. ஆலையில் இப்படித் திரிகிறவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார், அச்சில் வராது. தோள் துண்டைச் சுழற்றி விரட்டினார். இன்னும் வந்தன. வேப்பெண்ணெய்யும் சோப்பும் கலந்து பந்தல் முழுக்கத் தெளித்தார். வருவது நின்றது. மாடி ஆலை வாசல்போல் ஒழுங்காயிற்று.

பிஞ்சுகள் மட்டும் ஒத்துழைக்கவில்லை. வேலைக்காரப் பூ காலையில் மலரும், மதியம் மூடும், மூன்றாம் நாள் பிஞ்சு மஞ்சளாகி, அடி இற்று, தொட்டால் விழும். முதல் பிஞ்சு விழுந்தபோது வெயில் என்றார். இரண்டாவதற்குப் புழுக்கம் என்றார். நான்காவது விழுந்தபோது எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று பார்த்த பார்வையைக் காரணம் சொன்னார். எதிர்வீட்டின் மேல் அவருக்கு ஏற்கெனவே சந்தேகம். அந்த வாரம்தான் துணிக்கொடியில் காயப்போட்ட அவருடைய பனியன் ஒன்று காணாமல் போயிருந்தது. நல்ல பனியன். ஒரே ஒரு ஓட்டைதான்.

பதினோராவது பிஞ்சு விழுந்தபோது தேதி இருபத்தெட்டு. அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, விதை வாங்கிய நர்சரிக்குச் சண்டைக்குப் போனார்.

நர்சரிக்காரம்மா எருச்சாக்கு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். பிஞ்சை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"விதையில குறை இல்லை சார். சேரலை, அதான் விழுந்திருக்கு. ஆண் பூ நிறைய இருக்கில்ல?"

"ஆண் பூன்னா?"

"பிஞ்சு இல்லாம வெறும் காம்புல வரும் பாருங்க, அது."

"ஓ, அதுவா!" டைம்கீப்பர் நிமிர்ந்தார். "அதை நான் வைக்கிறதே இல்லை. மூணு வாரமா, ஒண்ணு விடாம கிள்ளிட்டேன்."

ஊசி நின்றது. "ஒண்ணு விடாமலா?"

"மொட்டுலயே."

"சார், கோவிச்சுக்கக் கூடாது. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆகி முப்பத்தஞ்சு வருஷம். ஏன்?"

"இல்லை, ஆனதுக்கப்புறமும் இது தெரியலையேன்னு கேட்டேன். அந்தப் பூவுல இருக்கிற பொடி இந்தப் பூவுல வந்து விழுந்தாத்தானே சார் பிஞ்சு நிக்கும்? சரி, தேனீயாவது வெளியிலேர்ந்து கொண்டு வந்திருக்குமே. தேனீ வருதா?"

டைம்கீப்பர் தோளிலிருந்த துண்டை மெதுவாக எடுத்து மடித்துப் பையில் வைத்தார்.

"வந்துச்சு" என்றார்.

அந்த அம்மாள் எருச்சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மிகவும் இரக்கத்தோடு, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "நாளைக்குப் பொண்ணு பூ ஏதாவது விரியுதான்னு பாருங்க. விடியும்போதே போங்க, ஆறு மணிக்குள்ள. எங்கேயாவது ஒரு ஆண் பூ தப்பிச்சிருக்கும். அதைப் பறிச்சு, இதழைக் கிழிச்சுட்டு, நடுவுல தடவிவிடுங்க. அவ்வளவுதான். வேற எதையும் கிள்ளாதீங்க சார். நீங்க கையைக் கட்டிக்கிட்டு நின்னாலே பாதி காய்க்கும்."

வீடு வரும்வரை அவர் யாரையும் திட்டவில்லை. பஸ் பதினைந்து நிமிடம் தாமதமாக வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி, வாழ்க்கையில் முதல்முறையாக, நேரத்துக்கு முன்னால் போனார். ஐந்து ஐம்பது. பந்தலில் ஒரு வேலைக்காரப் பூ விரிந்துகொண்டிருந்தது. இன்று தடவினாலும் நாளைக்குள் கையளவு வராது என்பது தெரியும். ஆனாலும் பதினோரு பிஞ்சுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆண் பூவைத் தேடினார். கொடி நெடுகிலும் கிள்ளிய காம்புகள், நகம் வெட்டியதுபோல் சுத்தமாக. தன் வேலை இவ்வளவு திருத்தமாக இருந்ததற்கு அவர் முதல்முறையாக வருத்தப்பட்டார்.

கொடி டேங்கைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிருந்தது. டேங்குக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒருக்களித்தால் நுழையலாம் போல ஒரு சந்து. அவருடைய முழங்காலும் வயிறும் கூடிப் பேசி அந்தப் பக்கம் போவதில்லை என்று எப்போதோ தீர்மானித்திருந்தன. இன்று அந்தச் சந்திலிருந்து புகை வந்தது.

"யாரது?"

புகை சட்டென்று நின்றது. பிறகு, "நான்தான் அத்தான்."

"நீயா! இந்நேரத்துல நீ எழுந்திருப்பியா?"

"தினம் எழுந்திருப்பேன். ஒண்ணு பிடிச்சுட்டுப் போய் மறுபடி படுத்துக்குவேன். நீங்க ஆறரைக்குத்தானே வருவீங்க, கரெக்டா? அதான் ஆறு இருபதுக்கு இறங்கிடுவேன்."

எட்டு மாதமாகத் தன் வாசலில் ஒருவன் நேரம் தவறாமல் வந்து போயிருக்கிறான், அவர் பதிவேட்டில் அவன் இல்லை. டைம்கீப்பர் கொதிப்போடு சந்துக்குள் நுழைந்தார். பாதியில் வயிறு சிக்கியது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

"மூச்சை வெளியில விடுங்க அத்தான். விட்டீங்களா? இப்ப வாங்க" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தான். ஒற்றைக் கைதான். இன்னொரு கையில் சிகரெட்.

உள்ளே போய்ப் பார்த்தவருக்குத் திட்ட வந்தது மறந்துபோனது.

டேங்கின் வழிகுழாய் சொட்டுச்சொட்டாய் ஒழுகி, அங்கே தரையெல்லாம் ஈரம். கொடி அதைக் குடித்துக் குடித்துச் சுவர் பூராவும் படர்ந்திருந்தது. எட்டோ ஒன்பதோ ஆண் பூ, யாரும் கேட்காத தெனாவட்டோடு விரிந்திருந்தன. அவர் வேப்பெண்ணெய் எட்டாத அந்த மூலையில் தேனீக்கள் உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு பூவுக்குள் குப்புற விழுந்து புரண்டன. நடுவில், சுவர்க் கம்பியிலிருந்து ஒரு தூளி. தூளியில் ஒரு பரங்கிக்காய். கையளவு இல்லை, அதைப்போல மூன்று மடங்கு. கரும்பச்சையில் ஒரு பக்கம் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது.

தூளி அவருடைய பனியன். ஓட்டையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"மூணு வாரம் இருக்கும்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா, அங்க உனக்கென்ன வேலைன்னு கேப்பீங்க. சிகரெட் விஷயம் அக்காவுக்குப் போயிடும்." அவன் புகையை மரியாதையாக வேறு பக்கம் ஊதினான். "அப்புறம், பஸ்ல வேற ஏத்திவிட்டுருவாங்க."

"பின்னே ஏண்டா வச்சிருக்கே? பிஞ்சுலயே கிள்ளி வெளியில எறிஞ்சிருந்தா ஒரு பய கேட்டிருக்க மாட்டானே!"

அவன் இதைக் கொஞ்சம் யோசித்தான். அவன் எதையாவது யோசித்து அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை.

"கிள்ளத்தான் அத்தான் வந்தேன். ரெண்டு தடவை வந்தேன். ரெண்டாவது தடவை பார்த்தா, கனம் தாங்காம தொங்கிட்டிருந்துச்சு. காம்பு இத்துடும்போல இருந்துச்சு. பாவமா இருந்துச்சு. கையில வேற ஒண்ணும் இல்லை. துணிக்கொடியில இந்தப் பனியன் கிடந்துச்சு, கட்டிவிட்டுட்டேன். கட்டினதுக்கப்புறம் எப்படி அத்தான் கிள்றது?"

டைம்கீப்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முடிச்சைப் பரிசோதித்தார். ஆலையில் முப்பத்து நான்கு வருடத்தில் ஒருவரும் இவ்வளவு நல்ல முடிச்சுப் போட்டு அவர் பார்த்ததில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

"ஒரு பூ குடு" என்றார்.

பூவை வாங்கிக்கொண்டு, மூச்சை வெளியில் விட்டு, சந்தை விட்டு வந்தார். இதழைக் கிழித்து முன்பக்கத்து வேலைக்காரப் பூவின் நடுவில் தடவினார். அவர் கைக்கு அது பழகாத வேலை. கிள்ளுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அன்று முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெயித்துவிட்டார். காயைப் பறித்துக் கொண்டுபோய்ச் சமையல்கட்டில் வைக்க வேண்டியதுதான். நோட்டில் கையெழுத்துப் போட்ட பக்கம் இருக்கிறது. எட்டு மாதமாக அவர் காத்திருந்த பஸ் நாளையே புறப்பட்டுவிடும். ஆனால் எங்கே காய்த்தது என்று கேட்பாள். நான் கால் வைக்காத இடத்தில், நான் கிள்ளாத பூவில், நான் விரட்டாத தேனீயால், நீ அனுப்பப்போகிற ஆள் கட்டிய தூளியில் என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை மனசுக்குள் நாலைந்து விதமாகத் திருத்திப் பார்த்தார். எந்த விதத்திலும் அவர் ஜெயித்ததாக வரவில்லை. சாயங்காலம் கடிகாரத்தைத் திருத்த ஸ்டூலில் ஏறினார். கீழே ஒற்றைக் கை பிடித்திருந்தது. ஸ்டூல் ஆடவில்லை. எட்டு மாதத்தில் ஒருநாளும் ஆடியதில்லை என்று இப்போதுதான் உறைத்தது. அந்த எரிச்சலில் கடிகாரத்தை இரண்டு நிமிடம் கூடுதலாகத் திருப்பிவிட்டார்.

முப்பதாம் தேதி டீ வந்தது. மனைவி நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து வைத்தாள்.

"சொல்லுங்க. காய்ச்சுதா?"

மைத்துனன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்ததை டைம்கீப்பர் காலையிலேயே கவனித்திருந்தார். அவனே எடுத்து வைத்திருந்தான், அதுவும் எட்டு மணிக்கு.

"பந்தல்ல ஒண்ணுகூட இல்லை" என்றார்.

"பந்தல்ல இல்லை. சரி, கொடியில?"

"இல்லைன்னு சொல்றேன்ல! விதை சரியில்லை. காத்து சரியில்லை. எதிர்வீட்டுக்காரன் பார்வை சரியில்லை. தோத்துட்டேன், போதுமா?"

"போதும்" என்றாள். நோட்டை மூடினாள். "இனிமே வாயைத் திறக்கக் கூடாது."

மைத்துனன் இரண்டாவது டீ கேட்டான்.

அதன் பிறகு வந்த பத்து நாளைப் போல் ஒரு கொடுமை டைம்கீப்பர் கண்டதில்லை. பத்து மணிக்கு அவன் சோம்பல் முறித்துக்கொண்டு வருவான். நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை டீயோடு விழுங்க வேண்டும். மாடியிலோ காய் நிற்காமல் பெருத்தது. பறித்தால் மனைவி பார்ப்பாள், பறிக்காவிட்டால் தூளி கிழியும். தினமும் ஐந்து ஐம்பதுக்கு இரண்டு பேரும் டேங்குக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தார்கள். பனியனின் தோளுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார்கள். காய்க்காத கொடியில் காய்த்த காயை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முன்பக்கத்துப் பிஞ்சும் நின்று, எலுமிச்சை அளவாகியிருந்தது. அதையும் இலை போட்டு மறைத்தார்கள்.

பதினோராம் நாள் மனைவி துணி காயப்போட்டுவிட்டு வாளியோடு இறங்கி வந்தாள்.

"ஏங்க, கடைக்குப் போய் ஒரு பரங்கிக்காய் வாங்கிட்டு வாங்க."

"இப்பவா? எந்தக் கடைக்கு?"

"செருப்புப் போட வேண்டாம்" என்றாள். "போற கடை ஈரமா இருக்கும், வழுக்கும். பனியனையும் எடுத்துட்டு வாங்க, துவைச்சுத் தர்றேன். கடைக்காரனைச் சிகரெட்டைக் கீழே போட்டுட்டு வரச் சொல்லுங்க. மூணு வாரமா இதுக்காக டேங்க் பக்கம் துணி போடாம, அந்தக் கோடியில கொண்டுபோய்ப் போட்டுட்டிருக்கேன். என் இடுப்பு போச்சு."

டைம்கீப்பர் வெறுங்காலோடு மாடி ஏறினார். சந்துக்குள் அவர் போகவில்லை. வெளியே நின்று மேற்பார்வை செய்தார். உள்ளேயிருந்து இலை சலசலத்தது, தேனீ முரன்றது, யாரோ "அப்பாடா" என்றார்கள். பிறகு காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சிக்காமல், அவசரப்படாமல், மைத்துனன் வந்தான். ஒற்றைக் கையால் பிடித்திருந்தான்.

"டேய், ரெண்டு கையாலயும்..."

"வாயைத் திறக்கக் கூடாது!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

டைம்கீப்பர் வாயை மூடிக்கொண்டு, தன் இரண்டு கையையும் காய்க்கு அடியில் கொடுத்தார்.